இருப்புக் கொள்ளாத மனசை எப்படி உட்கார வைப்பது?

ராத்திரி இரண்டே முக்கால் மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. காரணம் என்று தேடினால் ஒன்றுமில்லை, இல்லாவிட்டால் ஏழெட்டு இருக்கிறது: வீட்டுக் கடன் தவணை, அம்மாவின் சுகர் ரிப்போர்ட், சாயங்காலம் மேனேஜர் அனுப்பிய "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்" என்ற ஒற்றை வரி. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, அடிவயிற்றை யாரோ பிசைகிற மாதிரி இருக்கிறது. எழுந்து தண்ணீர் குடித்து, ஃபோனை எடுத்துப் பார்த்து, கவிழ்த்து வைத்து, பால்கனி வரைக்கும் போய்த் திரும்பி வந்து படுத்து, மறுபடி ஃபோனை எடுத்து, கடைசியில் மணி நாலரை ஆகிவிடும். இந்த நிலைமைக்குத் தமிழில் கச்சிதமாக ஒரு சொல் இருக்கிறது. இருப்புக் கொள்ளவில்லை.

பதற்றம், தவிப்பு, பதைபதைப்பு, கலக்கம் என்று வேறு சொற்களும் உண்டுதான். ஆனால் இந்த ஒன்றில்தான் விஷயம் முழுசாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 'இரு' என்றால் உட்கார். 'கொஞ்சம் இரு, வர்றேன்' என்றால் பொறு. உயிரோடு இருப்பதற்கும் அதே 'இரு'தான். உள்ளுக்குள் கலங்கிப் போனவனுக்கு இந்த மூன்றுமே பாரமாகிவிடுகிறது. சமஸ்கிருதத்தில் ஆசனம் என்கிற சொல்லும் உட்காருதல் என்ற வேரிலிருந்து வந்ததுதான். ஆக, யோகம் தொடங்குகிற இடமும் நாம் மாட்டிக்கொண்டு நிற்கிற இடமும் ஒன்றே.

அதனாலேயே ஒரு சிக்கலும் வருகிறது. படபடப்பாக இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் "தியானம் பண்ணுங்க, சரியாயிடும்" என்கிறார்கள். உட்கார முடியவில்லை என்று சொல்கிறவனிடம் உட்காரச் சொல்வது இது. தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன், பாதியை முழுங்கிவிட்ட யோசனை. தியானம் உதவும், ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது: உடம்பு முதலில், மூச்சு அப்புறம், கண்ணை மூடி உள்ளே பார்ப்பது கடைசியில். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் நிறையப் பேர் ஒரே வாரத்தில் "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படி விட்டவன்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் படபடப்பு குறைவதற்குப் பதில் இரண்டு மடங்காகிவிட்டது. அன்றைக்குப் புரியாதது இப்போது புரிகிறது: அது கூடவில்லை, கேட்க ஆரம்பித்தது. கரண்ட் போய் ஃபேன் நின்றால்தான் சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று அடிப்பது காதில் விழும். பகல் முழுக்க டிவி, வாட்ஸ்அப், டீ, அரட்டை, ஆபீஸ் வேலை என்று ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடியதும் அது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்படிக் கேட்கிற சத்தத்தை அமுக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் அடுத்ததாகச் செய்கிற காரியம். அமுங்காது. மருந்து சாப்பிடும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் கிட்டத்தட்ட இதையே ஆய்வாகச் செய்து பார்த்தார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. அதை நினைக்கக் கூடாது, நினைத்துவிட்டால் மணியடிக்க வேண்டும் என்றார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது அடுத்த கட்டம்: முதலில் அடக்கிப் பார்த்தவர்களிடம் பிறகு "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று சொன்னபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. பதற்றத்தோடு மல்லுக்கு நிற்கிறவர்களுக்கு ராத்திரியில் நடப்பதும் இதுதான்.

சரி, படபடப்பு என்பது உடம்பில் என்ன? மூளை 'ஆபத்து' என்று முடிவு செய்துவிட்டால், சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேல் நெஞ்சுக்கு ஏறி மேலோட்டமாகிறது, ரத்தம் கைகால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, ஜீரண வேலை பாதியில் நிறுத்தப்படுகிறது. வயிற்றைப் பிசைகிற உணர்வுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. எல்லாம் ஓடுவதற்கான ஏற்பாடு. புலி துரத்தினால் பிரமாதமாக வேலை செய்யும். மேனேஜரின் ஒற்றை வரிக்கு எங்கே ஓடுவது? ஏற்பாடெல்லாம் முடிந்து ஓட்டம் மட்டும் நடக்காததால், கால் பால்கனிக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. அந்த நடை முட்டாள்தனமானது இல்லை. உடம்பு கேட்பதைத்தான் கால் செய்கிறது.

ஆகவே முதலில் அசைய வேண்டும். இந்த இடத்தில் சென்னைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒருவர் இருக்கிறார். மைசூர் அரண்மனையில் யோகம் சொல்லிக்கொடுத்துவிட்டு 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, 1989-இல் நூறு வயதில் இறக்கும் வரை இங்கேயே இருந்தவர் கிருஷ்ணமாச்சாரியார். அவர் மகன் தேசிகாச்சார் இன்ஜினியரிங் படித்துவிட்டு அப்பாவிடம் சிஷ்யராக உட்கார்ந்தவர், 1976-இல் அப்பா பெயரிலேயே 'கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்' என்ற யோகப் பள்ளியை இங்கே தொடங்கினார். இந்த வழியின் அடிப்படை இரண்டே விஷயம். ஆசனம் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற வேண்டும், ஆசனத்துக்குத் தகுந்த மாதிரி ஆள் உடைய வேண்டியதில்லை. அப்புறம், ஒவ்வொரு அசைவும் மூச்சோடு கோத்திருக்க வேண்டும்.

நடைமுறையில் இது ரொம்பச் சாதாரணமாகத்தான் இருக்கும். நின்றுகொண்டு மூச்சை இழுத்தபடி இரண்டு கையையும் மேலே தூக்குவது, விட்டபடி முன்னால் குனிவது. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை விட்டபடி இடுப்பைக் குதிகால் பக்கம் தள்ளி உட்கார்ந்து, இழுத்தபடி மறுபடி முன்னால் வருவது. இதைச் சக்கரவாகாசனம் என்பார்கள். மல்லாந்து படுத்து, மூச்சை விட்டபடி முழங்கால்களை வயிற்றுப் பக்கம் கொண்டுவருவது அபானாசனம். இவற்றில் ஃபோட்டோ எடுத்துப் போடுகிற மாதிரி எதுவுமே கிடையாது, தலைகீழாக நிற்க வேண்டாம், காலைத் தோளில் போட வேண்டாம். முதல் சில சுற்று மனசு ஓடுகிற வேகத்திலேயே செய்யலாம், அப்புறம் மூச்சின் நீளத்துக்கு அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். துள்ளுகிற கன்றுக்குட்டியைச் சட்டென்று கட்டிப்போடாமல், கூடவே நாலு அடி ஓடி அப்புறம் கயிற்றைச் சுருக்குகிற மாதிரி. பத்து நிமிஷம் போதும்.

அடுத்தது மூச்சு. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் முதல் பாதத்தில் ஒரு சூத்திரம் (31-வது) என்னை ஆச்சரியப்படுத்திக்கொண்டே இருக்கிறது. மனம் சிதறும்போது கூட வருகிற நான்கு விஷயங்களை அது அடுக்குகிறது: துக்கம், மனச்சோர்வு, உடம்பு நடுக்கம், மூச்சு ஒழுங்கு கெடுவது. நான்கில் இரண்டு சுத்தமாக உடம்பு சம்பந்தப்பட்டது, பாருங்கள். மூன்று சூத்திரம் தள்ளி 34-இல் ஒரு வழியும் சொல்கிறார்: மூச்சை வெளியே விடுவதும் நிறுத்துவதும். 'அல்லது' என்கிற சொல்லோடுதான் சொல்கிறார், அதாவது பல வழிகளில் இது ஒன்று. ஆனாலும் இழுப்பதை விட்டுவிட்டு வெளியே விடுவதை அவர் பேர் சொல்லிக் குறிப்பிட்டதில் விஷயம் இருக்கிறது.

திருமூலரும் திருமந்திரத்தில் மூச்சுக்குக் கணக்கே போட்டுத் தருகிறார். பூரகம் (மூச்சை இழுப்பது) 16 மாத்திரை நேரம், கும்பகம் (உள்ளே நிறுத்துவது) 64, ரேசகம் (வெளியே விடுவது) 32. உள்ளே போவதைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளியே வருகிறது.

ஏன் வெளிமூச்சு? உங்கள் மணிக்கட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நாடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மெதுவாக, ஆழமாக மூச்சு விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு லேசாக வேகமெடுக்கும், விடும்போது லேசாகத் தளரும். பெரும்பாலானவர்களுக்கு, குறிப்பாக இளவயதில், இது நன்றாகவே தெரியும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் நரம்புதான் இதயத்துக்குப் பிரேக். வெளிமூச்சின்போது அந்தப் பிரேக் கொஞ்சம் அழுந்துகிறது. இதயத்தைப் பார்த்து 'மெதுவா அடி' என்று உத்தரவு போட நம்மால் முடியாது, ஆனால் மூச்சை நீட்ட முடியும். தானாகவும் ஓடி, நாம் சொன்னாலும் கேட்கிற வேலை உடம்பில் அதிகம் இல்லை, மூச்சு அப்படி ஒன்று. அதனால்தான் எல்லா மரபும் சுற்றிச் சுற்றி மூக்கு நுனிக்கே வந்து நிற்கிறது.

சாதாரணமாக ஒரு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. அவ்வளவு இறங்கினாலே போதும். திருமூலர் சொன்ன 64-ஐ யூடியூப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள். அது குரு பக்கத்தில் இருக்கிறவர்களுக்கான கணக்கு, ஏற்கெனவே படபடப்பில் இருப்பவர் மூச்சை அடக்கினால் மூச்சு முட்டுகிற பயம் ஒன்று புதிதாகச் சேரும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளும் இந்த நேரத்துக்கு வேண்டாம். வேகவேகமாக ஊதித் தள்ளினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கி, விரல் நுனி குறுகுறுத்து, தலை சுற்றும். பயத்தில் வருகிற அறிகுறிகளும் அச்சு அசல் அவைதான், உடம்பு குழம்பிப் போகும். எண்ணவே பொறுமை இல்லாதவர்களுக்கு பிராமரி இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ம்ம்ம் என்று மூச்சு தீரும் வரை ரீங்கரிப்பது. ரீங்கரித்தால் வெளிமூச்சு தானாக நீண்டுவிடும். (அபார்ட்மென்டில் ராத்திரி மூன்று மணிக்குச் செய்தால் வீட்டில் விளக்கம் கேட்பார்கள், தயாராக இருங்கள்.)

இதற்குப் பிறகுதான் உட்காருவது. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கொஞ்சம் அமைதியானதும் மனசு 'ஏன் இப்படி ஆச்சு?' என்று துப்பறிய ஆரம்பிக்கும். பகலில் அது நல்ல கேள்வி, கலங்கியிருக்கும்போது நெருப்பில் போடுகிற வரட்டி. உவமை என்னுடையது இல்லை, பாலி மொழி பௌத்த நூல்களில் புத்தர் சொன்னதாக வருவது. பெரிய நெருப்பை அணைக்க நினைக்கிறவன் அதில் காய்ந்த புல்லையும் காய்ந்த சாணியையும் காய்ந்த விறகையும் போட்டு வாயால் ஊதுவானா என்று கேட்கிறார். மனம் கிளர்ந்து கிடக்கும்போது ஆராய்ச்சி, முனைப்பு, குதூகலம் மூன்றும் காய்ந்த விறகு. அமைதி, ஒருமைப்பாடு, சமநிலை மூன்றும் ஈரப் புல். மனம் சோர்ந்து கிடந்தால் அப்படியே நேர்மாறு, அப்போது ஆராய்ச்சியும் முனைப்பும்தான் வேண்டும் என்கிறார். எல்லா மனநிலைக்கும் ஒரே தியானம் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை போனதற்கு இந்த இடம் ஒரு காரணம். என் மேனேஜர் பேச நினைத்தது தீபாவளி லீவு லிஸ்ட்டைப் பற்றி. விடிய விடிய நான் செய்த ஆராய்ச்சியில் அது வரவே இல்லை.

துப்பறியாமல் என்ன செய்வது? கலக்கம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது. நெஞ்சுக்குழியிலா, தொண்டையிலா, தாடையிலா? சூடா, இறுக்கமா, துடிப்பா? உள்ளங்கை அகலமா, எலுமிச்சம்பழ அளவா? கொஞ்ச நேரம் பார்த்தால் அது ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது தெரியும், இறுகும், நகரும், ஒரு மூச்சுக்கு மங்கும், திரும்ப வரும். 'எனக்குப் பயமா இருக்கு' என்பது 'நெஞ்சில் இடது பக்கம் ஒரு துடிப்பு இருக்கு' என்று மாறும்போது விஷயத்தின் எடை குறைகிறது. நடுவில் நினைப்பு ஓடிவிட்டால் திரும்ப வந்து உட்கார வேண்டியதுதான், அதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்வது இன்னொரு வரட்டி.

இந்த முறையை நம் காலத்தில் பெரிய அளவில் பரப்பியவர் எஸ். என். கோயங்கா. பர்மாவின் மாண்டலேயில் 1924-இல் பிறந்த வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்கிற நிலைமை. தலைவலி போகட்டும் என்றுதான் 1955-இல் ரங்கூனில் ஊ பா கின்னிடம் போனார். அவரோ பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே தியானம் சொல்லிக்கொடுத்தவர். தலைவலிக்காக என்றால் உன்னைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று முதலில் திருப்பிவிட்டார். இதைக் கறார்தனம் என்று நினைத்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை. படபடப்பு போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படபடப்பைக் கவனித்தால், அது கவனிப்பது ஆகாது, வேறு பேரில் விரட்டுவது. வெள்ளைக் கரடி திரும்பி வரும்.

கோயங்கா 1969-இல் இந்தியா வந்து நடத்த ஆரம்பித்த பத்து நாள் பயிற்சி இப்போது உலகம் முழுக்க நடக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் உண்டு. விடிகாலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள், ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் தியானம், பேச்சு கிடையாது, ஃபோன் கிடையாது, புத்தகம் கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கில் மூச்சு வந்து போவதை மட்டும் பார்க்க வேண்டும், நாலாம் நாள்தான் உடம்பு முழுக்க உணர்வுகளைப் பார்க்கச் சொல்லித்தருவார்கள். இங்கேயும் வரிசைதான், கவனியுங்கள். நான் ஒருமுறை போயிருக்கிறேன். ஐந்தாம் நாள் மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்று செருப்பு விட்ட இடம் வரை போனேன், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன், அப்புறம் திரும்பி ஹாலுக்கு வந்துவிட்டேன். தைரியமெல்லாம் இல்லை, வெயில்.

நம் ஊரில் இதற்கு உச்சமான உதாரணம் 1896 ஜூலையில் மதுரையில் நடந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சித்தப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்த 16 வயதுப் பையன் வேங்கடராமனுக்குத் திடீரென்று சாவு பயம் பிடித்துக்கொண்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. யாரையும் கூப்பிடவில்லை, வைத்தியரைத் தேடவில்லை. கைகாலை நீட்டிப் பிணம் மாதிரி விறைத்துப் படுத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, சாவது எது என்று அந்தப் பயத்துக்குள்ளேயே பார்த்தான். ஆறு வாரத்தில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்து, பின்னாளில் ரமணர் ஆனார். அவருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தப்பிக்க வழி தேடாமல் பயம் இருந்த இடத்திலேயே படுத்துவிட்டார் பாருங்கள், அந்த ஒரு அசைவைத்தான் நாம் மிகச் சின்ன அளவில் செய்து பார்க்கிறோம்.

அவரைப் பார்த்து வைத்தியரைக் கூப்பிடாமலும் இருந்துவிடாதீர்கள். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால் அது ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம், உட்கார்ந்து கவனிக்கிற நேரம் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்த சோகை இருந்தாலும், நாளைக்கு ஐந்து காபி குடித்தாலும்கூடப் படபடக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தீர்கிற விஷயத்துக்குப் பத்து நாள் மௌனம் தேவையில்லை. பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்களுக்குக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது சில சமயம் பழையதைக் கிளறிவிட்டு நிலைமையை மோசமாக்கும், தீவிர மனநோய் இருப்பவர்களை அந்தப் பத்து நாள் பயிற்சிக்கே வர வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நடந்துகொண்டு, யாராவது கூட இருக்கும்போது செய்வது நல்லது. ராத்திரியில் தனியாகத் தாங்க முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.

மருந்து பெரிதா தியானம் பெரிதா என்ற சண்டைக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2022-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் பதற்ற நோய் உள்ள 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையும் மறு பாதிக்கு ஜான் கபாட்-ஜின் 1979-இல் உருவாக்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியையும் கொடுத்தார்கள். மூச்சு, உடம்பைக் கவனிப்பது, எளிய யோகாசனம் எல்லாம் சேர்ந்தது அந்தப் பயிற்சி. எட்டு வார முடிவில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறியிருந்தார்கள். செய்தியில் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பயிற்சிக்காரர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு இருந்தது, வீட்டில் தினமும் 45 நிமிஷம் செய்யச் சொல்லியிருந்தார்கள். நாம் லிஃப்ட்டில் இரண்டு தடவை மூச்சை இழுத்துவிட்டுப் 'ட்ரை பண்ணேன், வேலை செய்யல' என்கிறோம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இதையும் செய்யலாம், குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டுத்தான்.

படபடப்பு வந்த பிறகு ஆரம்பித்தால் கஷ்டம், அது வராத நாளில் பழக வேண்டும், நீச்சல் மாதிரி. நான் காலையில் பத்து நிமிஷம் அசைவு, ஐந்து நிமிஷம் மூச்சு, பதினைந்து நிமிஷம் உட்காருவது என்று வைத்திருக்கிறேன், வாரத்தில் இரண்டு நாளாவது தவறும். மதயானையை நடத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், தண்ணீர் மேல் நடக்கலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று தாயுமானவரே கையை விரித்த விஷயம் இது. நமக்குப் பதினைந்து நிமிஷத்தில் பன்னிரண்டு நிமிஷம் அலைபாய்ந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எத்தனை நாளில் போகும் என்று கேட்பார்கள். எனக்குப் போகவில்லை. போன மாதமும் ஒரு ராத்திரி அதே இரண்டே முக்காலுக்கு முழிப்பு வந்தது, அதே நெஞ்சு, அதே வயிறு. ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. தரையில் இறங்கி நாலைந்து சுற்று சக்கரவாகாசனம், அப்புறம் சுவரில் சாய்ந்து ஆறு எண்ணி ஆறு எண்ணி மூச்சை விட்டேன். அடிவயிற்றில் ஒரு இறுக்கம், கைப்பிடி அளவு, கொஞ்சம் இடது பக்கமாக இருந்தது. அதோடு உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வந்ததா என்றால் வரவில்லை. நாலு மணிக்குப் பால் வண்டி வந்தது, போய் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன்.